எல்லோருக்கும் சொன்ன சலாம்

பூட்டிக் கிடக்கிற கடைக்கும் சலாம் சொல்லிவிட்டுப் போகிற ஒரு மனிதர் எங்கள் வீதியில் இருந்தார். காலை ஏழே காலுக்கு மருதமுனையிலிருந்து சைக்கிளில் புறப்படுவார். எதிர்ப்படுகிற எல்லோருக்கும் "அஸ்ஸலாமு அலைக்கும்". தமிழ் ஊரான பாண்டிருப்புக்குள் நுழைந்ததும் அது "வணக்கம்" ஆகிவிடும். கல்முனைச் சந்தையடிக்கு வந்தால் மறுபடியும் சலாம். மீன்காரர், பஸ்ஸுக்கு நிற்கிற டீச்சர்மார், பேக்கரிக்குப் பாண் வாங்கப் போகிறவர்கள், வீதிக்கு முதுகைக் காட்டிப் பல் விளக்குகிறவர், ஒருவரையும் விடமாட்டார். கதவு திறக்காத கடையைத் தாண்டும்போதும், உள்ளே யாராவது கூட்டிக்கொண்டிருக்கலாம் என்று ஒன்றைச் சொல்லிவைப்பார். பதிலுக்குக் காத்திருக்கமாட்டார். நாங்கள் பதில் சொல்லி முடிப்பதற்குள் சைக்கிள் நாலு கடை தாண்டியிருக்கும்.

ஊருக்குப் புதிதாக வந்தவர்கள், இவர் அடுத்த தேர்தலில் நிற்கப்போகிறார் என்றுதான் நினைப்பார்கள். அவர் வாக்குக் கேட்கவில்லை. சிலரை மறைத்துக்கொண்டிருந்தார். அந்தச் சிலரில் நானும் ஒருவன் என்பதால் இதை எழுதுகிறேன். அவருடைய பெயரை எழுதமாட்டேன். உத்தியோகக் காலம் முழுவதும் வருகிறவர்களின் பெயரைக் கேட்காத ஒருவரின் பெயரை நான் எழுதிவைப்பது மரியாதையாக இருக்காது.

அவர் ஒரு பீ.எச்.ஐ., பொதுச் சுகாதாரப் பரிசோதகர். சாப்பாட்டுக் கடைக்குள் புகுந்து சட்டியைத் திறந்து பார்க்கிற பரிசோதகர் அல்ல. உடலுறவால் தொற்றுகிற நோய்களைச் சோதித்து மருந்து கொடுக்கிற கிளினிக்கில் வேலை. அந்தக் கிளினிக்குக்கு ஒரு நீளமான அரசாங்கப் பெயர் உண்டு. அதை வாயால் சொன்ன ஒருவரையும் நான் கண்டதில்லை. ஆஸ்பத்திரியில் பல்லுக் கிளினிக்குக்குப் பின்னால் அது இருந்ததால், ஊரில் அதற்குப் பெயர் "பல்லுக்குப் பின்னால". அங்கே போகிறவர்கள் கன்னத்தைப் பொத்திக்கொண்டு போவார்கள். பல்லு வலிக்காரர்கள் என்று வழியில் நிற்கிறவர்கள் நினைக்கவேண்டுமாம். பாவம், உண்மையாகவே பல்லு வலித்தவர்கள் கையைக் கீழே போட்டுக்கொண்டு வந்தார்கள்.

எங்கள் ஊர்களில் ஒருவரைப் புதிதாகக் கண்டால் முதல் கேள்வி, "ஆர்ர மகன்?" இரண்டாவது, "எந்தக் குடி?" இந்த இரண்டுக்கும் பதில் தெரியாமல் தேத்தண்ணிகூடத் தரமாட்டோம். இவர் அந்தக் கேள்விகளைக் கேட்டதே இல்லை. கல்யாண வீட்டில் பக்கத்தில் உட்கார்ந்து நாமாகச் சொன்னாலும் "சரி, சரி" என்று சோற்றைப் பார்த்துக்கொண்டிருப்பார். தலைக்கனம் பிடித்த ஆள் என்று நானே பல பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

சலாத்தின் கதை இப்படித்தான் தொடங்கியது. ஆரம்பத்தில், கிளினிக்குக்கு வந்துபோனவர்களை வீதியில் கண்டால் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். தெரிந்தவன் போலக் காட்டினால் அவர்களுக்குத் தொல்லை என்ற நல்ல எண்ணம்தான். மற்றவர்களுக்கு வழக்கம்போலச் சலாம். எங்கள் தேத்தண்ணிக் கடைக்காரர்கள் லேசானவர்களா? இரண்டு மாதத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். "சேர் ஆருக்குச் சலாம் சொல்லல்லியோ, அவன் பல்லுக்குப் பின்னால போய் வந்தவன்."

அப்படியிருக்கும்போது ஒருநாள் லொறி கிளப்பிய மண் அவருடைய கண்ணில் விழுந்துவிட்டது. கண்ணைக் கசக்கிக்கொண்டே போனவர் இரும்புக்கடை ஹாஜியாருக்குச் சலாம் சொல்லவில்லை. அதை இரண்டு கடை பார்த்தது. அஸர் தொழுகைக்குள் செய்தி சாய்ந்தமருது வரைக்கும் போய்விட்டது. மறுநாள் காலை ஹாஜியாருக்கு வீட்டில் தேத்தண்ணி கிடைக்கவில்லை. ஹாஜியார் கொதித்தெழுந்து நேரே கிளினிக்குக்கே போய் வாசலில் நின்று கத்தினார்.

"பீ.எச்.ஐ. தம்பி, நான் இஞ்ச எப்பயாவது வந்தனா? வாயத் தொறந்து சொல்லுங்க, வந்தனா?"

"இப்ப வந்திரிக்கிறீங்க ஹாஜியார். கெதியாப் போங்க, ஆக்கள் பாக்காங்க" என்றாராம் இவர்.

அடுத்த நாள் காலையிலிருந்துதான் எல்லோருக்கும் சலாம். ஒருவரை மறைக்கவேண்டுமென்றால் ஊர் முழுவதையும் ஒரே மாதிரி நடத்தவேண்டும் என்று அவர் அன்றைக்குக் கற்றுக்கொண்டார் போலிருக்கிறது. அதற்குப் பிறகு அவர் செய்ததெல்லாம் அந்த ஒரே வேலைதான்.

நான் சந்தையடியில் பாமசி வைத்திருக்கிறவன். சில ஆண்கள் வருவார்கள். மற்றவர்கள் போகும்வரை இருமல் மருந்துப் போத்தல்களைப் படித்துக்கொண்டு நிற்பார்கள். பிறகு ஃபேனைப் பார்த்தபடி, "காக்கா, ஒரு கோர்ஸ்" என்பார்கள். எனக்கு விளங்கும். டாக்டரின் மருந்துத் துண்டு கேட்காமல் கப்சியூல் கட்டிக் கொடுப்பேன். பெரிய உபகாரம் செய்கிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் அவர் கடைக்கு வந்து ஒரு பெனடோல் கார்ட் வாங்கினார். அலுமாரியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"தம்பி, அந்தக் கப்சியூல் எந்த நோய்க்கிக் குடுக்கிறீங்க?"

"எல்லாத்துக்கும் கேக்கும் சேர்."

"சோதிச்சிப் பாத்தா குடுக்கிறீங்க?"

நான் மீதிக் காசை எண்ணினேன். அவர் குரலை உயர்த்தாமல் சொன்னார். "சோதிக்காமக் குடுத்தா புண்ணு காயும், நோய் உள்ளுக்க இரிக்கும். அனுப்பி வையுங்க. எங்கள்ட்ட பேர் இல்ல, நம்பர்தான், காசும் இல்ல. இஞ்ச வர வெக்கமெண்டா மட்டக்களப்புக்குப் போகட்டும், அம்பாறைக்கிப் போகட்டும், எல்லா இடத்திலயும் அரசாங்கக் கிளினிக் இரிக்கி. பிரைவேட் லேப்பிலயும் குடுக்கலாம், ஆனா என்னென்ன பாக்கோணுமெண்டு தெரிஞ்சி குடுக்கோணும். எச்.ஐ.வி. மட்டுமெண்டா ஈறுல தடவிப் பாக்கிற குச்சி இரிக்கி, ஊட்டுல இருந்தே பாக்கலாம், மறுகா எங்கள்ட்ட வந்து உறுதிப்படுத்தலாம். புள்ளத்தாச்சிமாருக்கு மிட்வைஃப் மிஸ்மாரே ரத்தம் எடுக்காங்க. இவ்வளவு கதவும் தொறந்திரிக்கக்குள்ள, பாவங்கள் உங்கட கவுண்டர்லயா வந்து முட்டோணும்?"

"நீங்க உங்கட வேலையப் பாருங்க சேர்" என்றேன். அவர் சலாம் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எனக்கு வந்த கோபத்தின் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கப்சியூலில் ஒரு கோர்ஸை நானே விழுங்கியிருந்தேன்.

தோஹாவில் இரண்டு வருடம் இருந்தேன். திரும்புகிற காலத்தில் ஒரு தவறு செய்தேன். அதைப்பற்றி இதற்குமேல் எழுதமாட்டேன். ஊருக்கு வந்த கையோடு வலியில்லாத ஒரு புண் வந்தது. கப்சியூல் போட்டேன், புண் காய்ந்தது. அது மருந்தே போடாவிட்டாலும் காய்கிற புண் என்று அப்போது தெரியாது. என் கெட்டித்தனம் என்று நினைத்தேன். ஆனாலும் மனம் ஆறவில்லை.

அதனால் பாடசாலையில் நடந்த இரத்ததான முகாமுக்குப் போனேன். இரத்தம் கொடுத்தால் சோதிப்பார்கள், கெட்டிருந்தால் சொல்லுவார்கள், சொல்லாவிட்டால் சுத்தம். இதுதான் என் கணக்கு. என் கணக்கு மட்டுமல்ல என்பது வரிசையில் நின்ற சிலரின் முழியிலேயே தெரிந்தது. அவரும் அங்கே வந்திருந்தார். வரிசைக்கு முன்னால் நின்று, எல்லோருக்கும் ஒரு சலாம் சொல்லிவிட்டுப் பேசினார்.

"சந்தேகத்தத் தீக்கிறதுக்கு ரத்தம் குடுக்க வந்த ஆரும் இரிந்தா, தயவு செஞ்சி குடுக்க வேணாம். நோய் தொத்திக் கொஞ்ச நாளைக்கிச் சோதனையில தெரியாது. அந்த ரத்தம் ஒரு நோயாளிப் புள்ளைக்கிப் போகும். சந்தேகமெண்டா எங்கள்ட்ட வாங்க. இப்ப நான் மத்தப் பக்கம் திரும்பி நிக்கப்போறன். போறவங்க போங்க. நான் ஆரையும் காணல்ல."

சொன்னபடியே சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அங்கிருந்த டாக்டரையும் நர்ஸ்மாரையும் திரும்பச் சொன்னார். அவர்களும் சிரிப்பை அடக்கிக்கொண்டு சுவரைப் பார்த்தார்கள். அவர்கள் மறுபடி திரும்பியபோது வரிசை குட்டையாகியிருந்தது. நான் அப்போது சைக்கிள் நிறுத்துமிடத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன்.

கிளினிக்குக்கு மட்டும் போகவில்லை. மட்டக்களப்பில் ஒரு பிரைவேட் லேப்புக்குப் போய், பொய்ப் பெயர் சொல்லி, "எய்ட்ஸ் சோதனை ஒண்டு" என்றேன். இல்லை என்று வந்தது. திராட்சை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய் இரண்டு ரக்அத் தொழுதேன். ஒரு சோதனை ஒரு நோயைத்தான் பார்க்கும் என்பது, அலுமாரி நிறைய மருந்து வைத்திருந்த எனக்குத் தெரியாது. அவர் கடைக்கு வந்து சொன்னபோது கோபப்பட்டேனே, அது இந்தத் திராட்சைக்குப் பிறகுதான்.

கல்யாணமாகி ஐந்து வருடம் கழித்துத்தான் என் மனைவிக்குப் பிள்ளை தங்கியது. மிட்வைஃப் மிஸ் வழக்கம்போல எல்லோருக்கும் எடுக்கிற இரத்தத்தை அவளுக்கும் எடுத்தார். அடுத்த கிழமை மிஸ் வீட்டுக்கே வந்து அவளைத் தனியாகக் கூட்டிப்போனார். சிபிலிஸ். கிளினிக்கில் மறுபடி சோதித்து ஊசி தொடங்கிவிட்டார்கள். முழுதாகச் சுகமாக்கலாம், ஆனால் மருந்தில்லாமல் விட்டால் பிள்ளை வயிற்றிலேயே போகலாம், நோயோடும் பிறக்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். கணவனும் மருந்து எடுக்காவிட்டால் அவளுக்குத் திரும்பவும் வரும் என்றும் சொல்லியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்து இதையெல்லாம் எனக்குச் சொன்னாள். அழவில்லை.

"நான் இப்ப ஒண்டும் கேக்கல்ல. கேக்கிறத புள்ள பொறந்ததுக்குப் பொறகு கேப்பன். நீங்க போய் ரத்தத்தக் குடுங்க" என்றாள்.

நான் போகவில்லை. நாலு நாள் போகவில்லை. எங்கள் பக்கம் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை ஒரு சூட்கேசோடு போய்ச் சேருகிறவன். மாமி அறிந்தால் அதே சூட்கேசோடு வெளியே வரவேண்டும். சந்தையடியில் யார் முகத்தில் முழிப்பது? அங்கே ஒரு பிள்ளையின் உயிர், இங்கே என் வெட்கம். நாலு நாளாக நான் வெட்கத்தைத்தான் காப்பாற்றிக்கொண்டிருந்தேன். இன்றைக்கு எழுதும்போதும் என்மேல் எனக்கு ஆத்திரம் வருகிறது.

ஐந்தாம் நாள் காலை எங்கள் ஒழுங்கைக்கு டெங்கு நுளம்பு பார்க்க ஆள் வந்திருக்கிறது என்று சத்தம் கேட்டது. அவர்தான். கையில் டோர்ச். முதல் வீட்டிலிருந்து தொடங்கி ஒவ்வொரு வீடாகப் பூச்சாடி, டயர், சிரட்டை எல்லாம் புரட்டிப் பார்த்துக்கொண்டு வந்தார். எங்கள் வீடு பத்தாவது. மாமி முன்னே நடந்து, "எங்கட ஊட்டுல ஒரு சொட்டுத் தண்ணி தேங்காது சேர்" என்று பெருமையாகக் காட்டிக்கொண்டு போனார். அவர் குளிர்சாதனப் பெட்டியின் பின்பக்கத் தட்டில் டோர்ச் அடித்தார். உள்ளே நுளம்புக் குடம்பி நெளிந்தது. மாமியின் முகம் செத்துவிட்டது. தட்டைக் கழற்றிக்கொண்டு கழுவ ஓடினார். கிணற்றடியில் நானும் அவரும் மட்டும்.

"தம்பி, நான் உங்கள முன்பின் கண்டதில்ல" என்றார்.

"கடையில கண்டிரிக்கிறீங்க சேர்."

"அது கடைக்காரர். இப்ப கதைக்கிற ஆள நான் கண்டதில்ல." கிணற்றுக்குள் டோர்ச் அடித்துக்கொண்டே பேசினார். "உம்மாக்காரி அவட பங்கச் செஞ்சிட்டா. ஊசி நல்லா நோகும், ஒரு சத்தம் போடல்ல. மத்தப் பங்கு பாக்கியிரிக்கி. திங்கக்கிழம எட்டு மணிக்கி ஆள் குறைவு."

என் மனைவியே சொல்லி அனுப்பியிருக்கிறாள் என்று அப்போது விளங்கியது.

"ஆரும் கண்டா சேர்?"

"பல்லு வலியெண்டு சொல்லுங்க."

"நீங்க என்ன ஏசுங்க சேர். ஏசினா எனக்கு ஆறுதலா இரிக்கும்."

"ஏசிறதுக்கு நீங்க ஆரெண்டு எனக்குத் தெரியோணுமே" என்றார். மாமி கழுவிய தட்டோடு வந்தார். "அடுத்த கிழமையும் வந்து பாப்பன்" என்று மாமியை மிரட்டிவிட்டுப் பதினோராவது வீட்டுக்குப் போனார். அதற்குப் பிறகும் ஒழுங்கை முடியும்வரை ஒரு வீட்டையும் விடவில்லை.

எங்கள் ஒழுங்கை அவருடைய பகுதியே அல்ல என்று பின்னால் அறிந்தேன். அந்தப் பகுதிப் பரிசோதகரிடம் கேட்டு வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார். என் ஒருவனோடு கிணற்றடியில் நாலு வார்த்தை பேசுவதற்காக அத்தனை வீட்டின் சிரட்டையையும் புரட்டியிருக்கிறார். அந்த மாரிக்கு எங்கள் ஒழுங்கையில் ஒருவருக்கும் டெங்கு வரவில்லை. அதற்கு என் நோய்தான் காரணம் என்பது அயலவர்களுக்குத் தெரியாது.

திங்கட்கிழமை கன்னத்தைப் பொத்திக்கொண்டு போனேன். பின்பக்க மர வாங்கில் ஏற்கனவே மூன்று பேர் கன்னத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர் எனக்கு ஒரு அட்டையில் நம்பர் எழுதித் தந்தார். அதற்குப் பிறகு அங்கே நான் அந்த நம்பர்தான். ஒரு தடவை ஊசி குத்தி எடுத்த இரத்தத்தில் பார்க்கவேண்டிய எல்லாவற்றையும் பார்த்தார்கள். மனைவிக்கு இருந்தது எனக்கும் இருந்தது. இடுப்புக்குக் கீழே ஊசி போட்டார்கள். மாமி என் "பல்லு"க்காக மூன்று நாள் கஞ்சி காய்ச்சித் தந்தார். பல்லுக்கு ஊசி போட்டவன் ஏன் சாய்ந்து உட்காருகிறான் என்று அவர் கேட்கவே இல்லை.

பெண் பிள்ளை பிறந்தது. மூன்று கிலோவுக்கு மேல், தொண்டை கிழியக் கத்திக்கொண்டு. அவளுக்கும் இரத்தம் எடுத்தார்கள், மாதக்கணக்கில் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். கடைசிச் சோதனைத் துண்டில் பிள்ளைக்கு ஒன்றுமே இல்லை என்று வந்த நாளில், என் மனைவி அதை மூன்று தரம் வாசித்துவிட்டுச் சுஜூதில் விழுந்தாள். எழும்பி வந்து, கேட்கவேண்டியதைக் கேட்டாள். நான் உண்மையைச் சொன்னேன். அதற்குப் பிறகு மூன்று மாதம் அந்த வீட்டில் நான் விருந்தாளி. ஒரு வெள்ளிக்கிழமைப் பகல் பேசாமல் என் சோற்றுக் கோப்பையில் மீன்தலையை வைத்தாள். நான் ஜெயித்தேன் என்று சொல்லமாட்டேன், எங்கள் வீடு ஜெயித்தது.

அந்தத் துண்டு வந்த மறுநாள் காலை, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கடை வாசலில் நின்றேன். அவர் பார்க்கவேண்டும், ஒரு வார்த்தை சொல்லவேண்டும் என்று ஆசை. சைக்கிள் வந்தது. "அஸ்ஸலாமு அலைக்கும்." வேகம் குறையவில்லை. பக்கத்துப் பூட்டிய கடைக்குச் சொன்ன அதே சலாம். எனக்குச் சுருக்கென்றது. உள்ளே போய் உட்கார்ந்த பிறகுதான், அவர் எனக்குத் தந்த பெரிய பரிசு அதுதான் என்று உறைத்தது.

அன்றிலிருந்து என் கடையில் "கோர்ஸ்" இல்லை. ஃபேனைப் பார்க்கிறவர்களிடம், அவர் அன்று சொன்ன கதவுகளையெல்லாம் நான் சொல்லுகிறேன். "உங்களுக்கு எப்படித் தெரியும் காக்கா?" என்று கேட்டால் எனக்கும் பல்லு வலித்தது என்பேன்.

ஏழு வருடம் கழித்து அவருக்கு ஓய்வு. அலுவலகத்துக்காரர்கள் ஒரு சிறிய மண்டபத்தில் பிரியாவிடை வைத்தார்கள். போட்ட கதிரை ஐம்பது. வந்த கூட்டம் வெளியே வராந்தா வரைக்கும் நின்றது. ஏற்பாட்டாளர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "என்ன விசயமா வந்தீங்க?" என்று கேட்டால், ஒருவர் "சும்மா" என்றார். ஒருவர் "இந்தப் பக்கமாப் போனன்" என்றார். தூரத்துச் சாகாமத்திலிருந்து வந்த வயல்காரர்கூட இந்தப் பக்கமாகத்தான் போயிருக்கிறார். மேடையில் அதிகாரிகள் அவருடைய நேரந்தவறாமையைப் புகழ்ந்தார்கள். அவர் யாருக்கு என்ன செய்தார் என்று ஒருவராலும் சொல்ல முடியவில்லை. தெரிந்தவர்களெல்லாம் கீழே வாய்மூடி உட்கார்ந்திருந்தோம்.

புறப்படும்போதே என் மனைவி சொல்லியிருந்தாள். "ஒராளாவது எழும்பிக் கதைக்கோணும். நீங்க கதைக்காட்டி நான் கதைப்பன்." பெண்கள் பக்கத்திலிருந்து அவள் என்னைப் பார்த்தாள். நான் எழும்பினேன். என் பெயரைச் சொன்னேன், வாப்பாவின் பெயரைச் சொன்னேன், கடையைச் சொன்னேன்.

"நான் பல்லுக்குப் பின்னால போனவன். எனக்குப் பல்லு வலியில்ல. சேர் இல்லாட்டி, அந்தா உம்மாவோட இரிக்கிற என்ட மகள் இண்டைக்கி இல்ல."

அவர் எழும்பி ஒலிவாங்கியைப் பிடித்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"இந்தத் தம்பி ஆரெண்டு எனக்குத் தெரியா. நான் இவர இண்டைக்கித்தான் காணுறன்."

முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு மண்டபமே சிரித்தது. சிரிப்புக்கு நடுவே வராந்தாவில் ஒருவர் கையைத் தூக்கினார். "அப்ப என்னயும் தெரியாதா சேர்?"

"தெரியா."

"என்னயும்?" பாண்டிருப்புப் பக்கத்து ஆள் ஒருவர்.

"தெரியா தம்பி."

பெண்கள் பக்கத்தில் ஒருவர் எழும்பினார், இன்னொருவர் எழும்பினார். பிறகு எண்ண முடியவில்லை. கதிரைகள் எல்லாம் சத்தம் போட்டன. நிற்கிற ஆட்களைப் பார்த்து நிற்காதவர்களும் எழும்பிவிட்டார்கள், யார் போனவர், யார் போகாதவர் என்று இனி ஒருவராலும் பிரிக்க முடியாது. கைத்தடியை ஊன்றிக்கொண்டு இரும்புக்கடை ஹாஜியார் கத்தினார். "மகன், நான் மட்டும் வரல்லயெண்டு இப்பயாவது இவங்களுக்குச் சொல்லுங்க."

"உங்களயும் எனக்குத் தெரியா ஹாஜியார்" என்றார் அவர். அப்போதுதான் குரல் உடைந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, சைக்கிளில் போகிறபோது சொல்லுகிற அதே குரலில் "அஸ்ஸலாமு அலைக்கும்" என்றார். பாண்டிருப்புக்காரர்களைப் பார்த்து "வணக்கம்" என்றார். இந்தத் தடவை அவருக்குப் போக இடமில்லை. நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் எல்லோரும் முழுப் பதிலும் சொன்னோம்.